வீடியோ காலில் 'கைது': பணம் போன பிறகு ஒரு மகள் கேட்கும் கேள்விகள்

கோவையில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 71 வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். டெல்டா மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் அம்மாவும் அவரும் மட்டும் இருக்கிறார்கள். அண்ணன் பெங்களூரில். ஒருநாள் காலை, தொலைத்தொடர்பு ஆணையத்திலிருந்து பேசுவதாக அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. அவருடைய ஆதாரை வைத்து வாங்கிய சிம் மும்பையில் ஒரு பண மோசடியில் சிக்கியிருக்கிறதாம். 'மும்பை போலீசுக்கு' அழைப்பு மாற்றப்பட்டது. வாட்ஸ்அப் வீடியோவில் சீருடை போட்ட ஒருவர் வந்தார், அடுத்து 'சிபிஐ அதிகாரி' வந்தார். அப்பாவின் பெயரும் ஆதார் எண்ணும் போட்டு, உச்ச நீதிமன்ற முத்திரை குத்திய உத்தரவும் செல்போனுக்கு வந்து சேர்ந்தது. "நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள், வீட்டில் யாரிடமாவது சொன்னால் அவர்களும் உள்ளே போவார்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான்கு நாள் அப்பா மாடி அறையிலேயே இருந்தார். வங்கிக்குப் போவதற்கு மட்டும் இறங்கி வந்தார். அம்மாவிடம் "பென்ஷன் விஷயமா ஒரு விசாரணை" என்பதோடு சரி. இரண்டு எஃப்.டி.யை உடைத்து 12 லட்சமும் 13 லட்சமும் ஆர்டிஜிஎஸ் மூலம் அனுப்பினார். அதுவும் போதாமல், அம்மாவின் நகைகளை வங்கியில் அடகு வைத்து 6 லட்சம். ஆக 31 லட்சம். 'ரிசர்வ் வங்கி சரிபார்த்ததும்' திரும்ப வந்துவிடும் என்றார்கள். நான்காம் நாள் இரவோடு அழைப்பு நின்றுவிட்டது. பிறகு அறையைக் கூட்டப்போன அம்மா ஒரு நோட்டைக் கண்டெடுத்தார். அதில் அப்பாவின் அழகான கையெழுத்தில்: "காலை 6.00 எழுந்தேன், ரிப்போர்ட் செய்தேன். 7.10 குளியலறை, அனுமதி பெற்றேன். 8.30 இட்லி."

இதெல்லாம் நடந்து ஒன்பது நாள் ஆகிறது. புகார் கொடுக்க அப்பா சம்மதிக்கவில்லை. "கேஸ் உண்மையா இருந்தா?" என்று இன்னமும் கேட்கிறார். சாப்பாடு குறைந்துவிட்டது. "நான் போயிட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கியே முழுப் பணத்தையும் தர வேண்டும் என்று வாசகி நம்புகிறார். அப்பாவிடமிருந்து பவர் எழுதி வாங்கி, கணக்கு, ஏடிஎம் கார்டு, ஸ்மார்ட்போன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் அண்ணன். இதற்கிடையே ஒருவர் போன் செய்து, 10 சதவீதம் முன்பணம் கொடுத்தால் பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்கிறாராம். அப்பா சொன்ன அந்த வார்த்தையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று கடைசியில் கேட்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "நான் போயிட்டா நிம்மதி" என்பதை விரக்தியில் வந்த பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். இப்படி ஏமாற்றப்பட்ட பெரியவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. இந்த வாரம் நீங்களோ அண்ணனோ யாராவது ஒருவர் லீவு போட்டு ஊரில் இருங்கள். அப்பா வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அழைத்துப் போய், அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கள். அப்பாவிடமே "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, மனதில் இருப்பதைச் சொல்ல அவருக்கு வழி கிடைக்கும். டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. பணத்தைப் பற்றிய பேச்சு எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அப்பா படிக்க வேண்டிய பகுதி

"கேஸ் உண்மையா இருந்தா?" என்ற கேள்விக்கு "போங்கப்பா, எல்லாம் டூப்பு" என்று பதில் சொன்னால் அவருக்குப் போதாது. வாழ்நாள் முழுக்க அரசாணையையும் சுற்றறிக்கையையும் மதித்து நடந்தவர். சட்டம் என்ன சொல்கிறது என்று காட்டினால் நம்புவார். கீழே இருப்பதை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஐயா, இந்தியாவில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்), கைது செய்யும் காவலர் நேரில் வர வேண்டும். அவர் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தினரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் (பிரிவு 36). கைது செய்த விவரத்தை நீங்கள் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ காவல் துறை உடனே தெரிவித்தாக வேண்டும் (பிரிவு 48). விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்வதும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தப்படுவதும் அரசியலமைப்பின் 22-வது பிரிவு உங்களுக்குக் கொடுத்திருக்கும் உரிமை.

அறுபதைத் தாண்டியவர்களுக்குச் சட்டம் கூடுதலாகவே இரக்கம் காட்டுகிறது. சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றால்கூட, 60 வயதுக்கு மேற்பட்டவரை அவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச்சொல்லிக் காவல் துறை கட்டாயப்படுத்த முடியாது (பிரிவு 179). மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் 60 வயதைக் கடந்தவரைக் கைது செய்யவும் கூடாது (பிரிவு 35). விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் காவல் துறை நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று சதேந்தர் குமார் அண்டில் வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

"யாரிடமும் சொல்லாதே" என்று அவர்கள் போட்ட முதல் நிபந்தனையை நினைத்துப் பாருங்கள் ஐயா. உண்மையான கைதில் வீட்டாருக்குச் சொல்வது போலீசின் கடமை. இவர்களுக்கோ நீங்கள் பேசாமல் இருப்பதுதான் முதலீடு. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே அவர்கள் வேலை முடிந்திருக்கும். அதனால்தான் குளியலறைக்குக்கூட அனுமதி கேட்க வைத்து, நீங்கள் எந்நேரமும் அவர்கள் கண்ணில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள்.

உங்களைப் போல் சிக்கியவர்கள் ஏராளம். டிஜிட்டல் அரெஸ்டும் அதைச் சார்ந்த மோசடிகளுமாக 2024-ல் மட்டும் 1,23,672 புகார்கள் பதிவானதாகவும், போன பணம் சுமார் 1,935 கோடி ரூபாய் என்றும் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. லூதியானாவின் பெரிய ஜவுளித் தொழிலதிபர் எஸ்.பி. ஓஸ்வால், சட்ட ஆலோசகர்களுக்குக் குறைவில்லாதவர், 2024-ல் 82 வயதில் இதே வலையில் 7 கோடியை இழந்தார். அவருக்குப் போலி உச்ச நீதிமன்ற விசாரணையே வீடியோவில் நடத்திக் காட்டினார்கள். அவர் வெளிப்படையாகப் புகார் கொடுத்தார். 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த வயதான தம்பதி, தங்களுக்கு அனுப்பப்பட்ட போலி நீதிமன்ற உத்தரவுகளைப் பற்றிக் கடிதம் எழுதினார்கள். அதைத்தான் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. டிசம்பரில் நாடு முழுவதற்குமாக சிபிஐ விசாரணைக்கும் உத்தரவிட்டது. உங்கள் புகாரும் போய்ச் சேர வேண்டிய இடம் அது.

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால், உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கு ஒரு வழக்கறிஞரோடு நேரில் போய், அந்த 'உத்தரவை'க் காட்டிக் கேளுங்கள். உங்களுக்கு அங்கே எந்த ஆபத்தும் இல்லை. நீங்கள் புகார்தாரர்.

இனி மறுபடி உங்களுக்கு, சகோதரி.

புகாரை இன்றே கொடுங்கள்

ஒன்பது நாள் தாமதம் என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இப்படிப் போகும் பணம் முதல் கணக்கில் தங்குவதே கிடையாது. சில மணி நேரத்துக்குள் வாடகைக் கணக்குகள் (மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்ளும் அடுத்தவர் கணக்குகள்) வழியாகப் பிரிந்து, ஏடிஎம்மில் எடுக்கப்படும், இல்லையென்றால் கிரிப்டோவாக மாறி நாட்டைத் தாண்டிவிடும். முதல் மணி நேரத்தில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்தவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு உங்களுக்கு இல்லை. ஆனாலும் இந்தக் கணக்குகளில் சில, வேறு யாரோ கொடுத்த புகாரால் இடையிலேயே முடக்கப்பட்டிருக்கும். அதில் அப்பாவின் பணமும் சிக்கி நிற்கலாம். அவர் பெயரில் புகார் இல்லையென்றால், அந்தப் பணத்துக்கு உரிமை கேட்க ஆளில்லாமல் போகும்.

1930-க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். கிடைக்கும் ஒப்புகை எண்ணை எழுதி வையுங்கள். அதோடு நிற்காமல் உங்கள் மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்தில் அப்பா கையெழுத்திட்ட புகாரைக் கொடுத்து எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். எந்தக் காவல் நிலையமும் எல்லையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, நகல் இலவசமாகத் தர வேண்டும் (நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 173). மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) மனு போடலாம்.

மூன்று ஆர்டிஜிஎஸ் ரசீதுகள், பாஸ்புக் பக்கங்கள், வந்த எண்கள், வாட்ஸ்அப் உரையாடல், போலி உத்தரவு எல்லாம் வேண்டும். அவமானமாக இருக்கிறது என்று எதையும் அழித்துவிடாதீர்கள். அந்த நோட்டைக் கிழித்துப் போட வேண்டும் என்று அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கிழிக்க விடாதீர்கள். ஒரு மனிதரை நேரக் கணக்குப் போட்டு மிரட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பொது ஊழியராக நடித்தது 204, மிரட்டிப் பறித்தது 308, ஏமாற்றியது 318, ஆள்மாறாட்டம் 319. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-டி. இவற்றைப் புகாரில் குறிப்பிடலாம். குறிப்பிடாவிட்டாலும் குற்றமில்லை, பிரிவு போடுவது போலீசின் வேலை. முடக்கப்பட்ட தொகை எதுவும் இருப்பதாக விசாரணை அதிகாரி சொன்னால், அதைத் திரும்பத் தரக் கோரி நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவின் கீழ் நடுவர் நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டும்.

ஆதார் எண் அவர்களிடம் போயிருப்பதால், ஆதாரின் அதிகாரபூர்வ செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள். அப்பா பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள்.

வங்கி முழுப் பணமும் தருமா?

நீங்கள் குறிப்பிடும் விதி 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையில் வந்தது. வங்கியின் மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாமல் வெளியாளால் நடந்த பரிவர்த்தனையை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நட்டம் இல்லை என்கிறது. ஆனால் அது வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் நடந்தவற்றுக்கு. அப்பா தானே கிளைக்குப் போய்ப் படிவம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மேனேஜர் "இவ்வளவு பணம் எதுக்கு சார்?" என்று கேட்டபோது, அவர்கள் சொல்லிக்கொடுத்தபடி "பையனுக்கு வீடு வாங்க" என்றிருக்கிறார். பயத்தில் போட்ட கையெழுத்து என்பது நமக்குத் தெரியும். வங்கி அதை அனுமதி என்றுதான் சொல்லும். இந்த விதியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

அதற்காக வங்கியை விட்டுவிடச் சொல்லவில்லை. கேள்வி கேட்க வேண்டிய இடம் இரண்டு. 71 வயது பென்ஷன்தாரர் மூன்று நாளில் இரண்டு எஃப்.டி.யை உடைத்து, நகையையும் வைத்து, முன்பின் தெரியாத வெளிமாநிலக் கணக்குகளுக்கு அனுப்பும்போது, ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டது சரியா என்பது ஒன்று. பணம் போய்ச் சேர்ந்த வங்கி அந்தக் கணக்கை யாருக்கு, எந்த ஆவணத்தை நம்பித் திறந்தது என்பது மற்றது. எனக்கு வலுவாகத் தெரிவது இந்த இரண்டாவதுதான். இரண்டு வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு கெடு இருக்கிறது. முடிவு இப்படித்தான் வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

10 சதவீதம் கேட்பவரை இன்றே பிளாக் செய்யுங்கள், அவர் எண்ணையும் புகாரில் சேருங்கள். ஏமாந்தவர்களின் பெயரும் எண்ணும் அந்தக் கும்பல்களுக்குள்ளேயே கைமாறுகின்றன. முன்பணம் வாங்கிக்கொண்டு சைபர் பணத்தை மீட்டுத்தரும் அதிகாரி என்று யாரும் இல்லை. வழக்கறிஞருக்குச் செலவு செய்ய முடியாவிட்டால் 15100-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, அதனால் அம்மா கேட்டாலே போதும்.

அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்

அண்ணனின் கோபம் எனக்குப் புரிகிறது. அப்பாவின் மீதான அக்கறைதான் அப்படி வெளிவருகிறது. ஆனால் ஏமாந்துவிட்டார் என்பதால் ஒருவர் தன் சொத்தை நிர்வகிக்கும் தகுதியை இழந்துவிடுவதில்லை. பவர் பத்திரம் அவர் மனமுவந்து எழுதிக் கொடுத்தால்தான் செல்லும். கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் ரத்தும் செய்வார். நெருக்கி வாங்கினால் நாளை நீதிமன்றத்தில் நிற்காது. ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைப்பதற்கோ சட்டத்தில் இடமே இல்லை. நான்கு நாள் ஒருவன் அவரை அறைக்குள் அடைத்து, எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்க வைத்தான். இனி பால்காரருக்குப் பணம் கொடுக்கவும் மகனிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றால் அவர் மனம் என்ன ஆகும்? அவர் சொன்ன அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டு அண்ணன் முடிவெடுக்கட்டும்.

பாதுகாப்பு வேண்டும், சரி. அதை அப்பாவின் கையாலேயே செய்யலாம். மிச்சமிருக்கும் எஃப்.டி.யைக் கூட்டுப் பெயரில் மாற்றி, முன்கூட்டியே உடைக்க இருவர் கையெழுத்தும் தேவை என்று நிபந்தனை போடச் சொல்லலாம். 'இருவரில் ஒருவர்' என்று போட்டால் பயனில்லை. பென்ஷன் கணக்கை அவர் பெயரிலேயே விட்டு, ஆன்லைன், யுபிஐ வரம்பை மாதச் செலவுக்குத் தக்கபடி குறைக்கலாம். பெரிய தொகை எடுத்தால் உங்களுக்கும் தகவல் வரும்படி செய்ய முடியுமா என்று கிளையில் கேளுங்கள். இது எல்லாவற்றுக்கும் அப்பாவை முன்னால் உட்கார வைத்து, மேனேஜரிடம் அவரையே பேசச் சொல்லுங்கள்.

ஸ்மார்ட்போனை வாங்கி வைத்துவிட்டால் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் வழியும் அடைபடும். அறியாத எண்களின் அழைப்பை வாட்ஸ்அப்பில் ஒலியில்லாமல் செய்யும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுங்கள். எந்த அதிகாரி பேசினாலும் "எங்க ஊர் ஸ்டேஷனுக்கு எழுதி அனுப்புங்க, நான் அங்க வந்து பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டிப்பது என்று வீட்டில் ஒரே பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான அதிகாரி என்றால் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அம்மாவைப் பற்றி உங்கள் கடிதத்தில் இரண்டு வரிதான் இருக்கிறது. அவர் நகை அடகில் இருக்கிறது. மோசடியில் போன பணம் என்றாலும் அந்த 6 லட்சம் வங்கியைப் பொறுத்தவரை கடன்தான், வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ரசீதை எடுத்து கெடு தேதியைப் பாருங்கள். நகை ஏலத்துக்குப் போகாதபடி, எஃப்.ஐ.ஆர். நகலோடு கிளையில் பேசி, வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கவோ தவணையாக மாற்றவோ கேளுங்கள். நீங்களும் அண்ணனும் அந்த வட்டியைப் பகிர்ந்துகொள்ள முடிந்தால் நல்லது. நடந்தது என்ன என்று அம்மாவுக்கு யாரும் முழுதாகச் சொன்னதாகத் தெரியவில்லை. உட்கார வைத்துச் சொல்லுங்கள், அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அடுத்த அழைப்பு அம்மாவின் போனுக்கு வரலாம். 1930 என்ற எண்ணை அவர் போனில் போட்டு, எப்படி அழைப்பது என்று காட்டிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.